புவேர்ட்டோ ரிக்கோ: இவ்வளவு மழை பெய்யும் மலைத்தீவில் ஏரி ஏன் இல்லை?

கேள்வி: புவேர்ட்டோ ரிக்கோவில் இயற்கையான ஏரி ஒன்றுகூடக் கிடையாது என்று படித்தேன். வரைபடத்தைத் திறந்தால் 'லாகோ' என்று ஏகப்பட்ட பெயர்கள் தெரிகின்றன. எது சரி? நல்ல மழை பெய்யும் மலைத்தீவில் ஏரியே இல்லாமல் இருக்குமா?

2023 மார்ச் 4, காலை

இரண்டுமே சரி. 'லாகோ' என்றால் ஸ்பானிஷில் ஏரி, ஆனால் வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் 'லாகோ' எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. தென்கிழக்கு மலையில் இருக்கும் கரீட்டே 1913இல் வந்தது. வடமேற்கே குவாஹாத்தாக்கா 1920களின் கடைசியில். நடுமலையில் டோஸ் போக்காஸ் 1942, கவோனியாஸ் 1948. தலைநகர் சான் ஹுவானுக்குக் குடிநீர் கொடுக்கும் லோயிசா 1953. நான் வேலைக்காகக் குடியிருப்பது காகுவாஸில். எங்கள் ஊர் ஆறு போய்ச் சேருவது இந்த லோயிசாவில்தான், அதனால் அதைப் பற்றிப் பிறகு நிறையவே எழுதுவேன்.

ஏரி ஏன் தானாக உண்டாகவில்லை என்றால், தண்ணீர் தங்குவதற்குப் பள்ளம் இல்லை. பனியாறு குடைந்த மலைகளில் பள்ளம் இருக்கும். இங்கே பனியாறு இருந்ததே இல்லை. எரிமலை வாயில் தண்ணீர் நிற்கும். இந்தத் தீவின் எரிமலைகள் டைனோசர் காலத்தில் பொங்கி, சில கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடங்கியவை. அவற்றின் வாயெல்லாம் கரைந்து போய்விட்டது. வடக்கே சுண்ணாம்புப் பகுதியில் குழிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெரும்பாலானவற்றில் தண்ணீர் அடிவழியே இறங்கிவிடும். மிச்ச இடமெல்லாம் சரிவு.

2023 மார்ச் 4, இரவு

காலையில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். என்னைக் கேட்டால் இந்தத் தீவைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

கார்டியேரா சென்ட்ரல் என்ற மலைத்தொடர் தீவின் நடுவே கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். நடுவே என்பது அவ்வளவு சரியில்லை. ஆறுகளை வடக்கு தெற்கு என்று பிரிக்கும் முகடு தென்கரைக்கு நெருக்கமாக இருக்கிறது. மிக உயரமான செர்ரோ டே பூந்தா, 1,338 மீட்டர், போன்சே நகரத்தின் எல்லையிலேயே நிற்கிறது. போன்சேயோ தென்கடற்கரை ஊர். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இறக்கிய ஓட்டுக்கூரை போன்ற அமைப்பு.

இதன் விளைவு: வடக்கே பாயும் ஆறுகள் நீளமானவை, வருஷம் முழுக்கத் தண்ணீர் உள்ளவை. தீவின் மிக நீளமான லா பிளாத்தா ஆறு கயேய் மலையில் பிறந்து, 100 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக ஓடி, வடகடலில் சேர்கிறது. தெற்கே பாய்பவை குட்டை, செங்குத்து. பாதி வருஷம் வெறும் கூழாங்கல்தான் கிடக்கும். மழை வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பாலத்தைத் தொடும். 'கோல்பே டே அகுவா' என்று இங்கே எல்லாரும் பயந்து பேசுவது இதைத்தான்.

2023 மார்ச் 6

மழைக் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கடலைத் தாண்டியதும் அது முதலில் மோதுவது கிழக்கு மூலையில் இருக்கும் லுக்கீயோ மலையில், அதாவது எல் யுங்கே மழைக்காட்டில். அதன் உச்சிகளில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. தள்ளித் தென்மேற்கில் குவானிக்கா வறண்ட காடு. அங்கே 800, 900 மி.மீ. பெய்தால் அதிகம். இரண்டையுமே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றிருக்கிறது. எல் யுங்கே 1976, குவானிக்கா 1981.

எண்களை விட 52ஆம் நெடுஞ்சாலையில் ஒரு தடவை போவது நல்லது. காகுவாஸிலிருந்து கயேய் ஏறும்வரை வைப்பர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் மூங்கில், மரப்பெரணி, பாறையில் பாசி, காரின் கண்ணாடி உள்ளே வியர்க்கும். முகட்டைத் தாண்டி, ஹிபாரோ (மலைநாட்டு விவசாயி) குடும்பச் சிலை இருக்கும் வளைவு வந்ததும் வானம் திறந்துவிடும். கீழே சலினாஸ் சமவெளி, அதற்கப்பால் கரீபியன் கடல். புல் மஞ்சளாக இருக்கும். காற்றில் தூசி. இதெல்லாம் சில நிமிஷத்துக்குள் நடந்துவிடும். கீழே இறங்கி வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் முள்மரம், நம் ஊர்ச் சீமைக்கருவேலமேதான்! மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் கரீபியன் கரைகளும்தான் அதன் பூர்வீகம் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், அந்த வெயிலில் அதே நிழலைப் பார்த்தபோது எனக்கு ராமநாதபுரம்தான் கண்ணில் வந்தது.

2023 மார்ச் 7

"அப்படியானால் எல்லாமே மழைமறைவுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காற்று வரும் பக்கம் மலை மழையை வாங்கிக்கொண்டு பின்பக்கத்தைக் காயவிடுவதைத்தான் மழைமறைவு என்கிறார்கள். ஆனால் அவ்வளவு சுருக்கிவிட வேண்டாம்.

மேற்கு முனையில் மயாகுவெஸ் இருக்கிறது. கணக்குப்படி அதுவும் மலைக்குப் பின்னால்தான், காய வேண்டும். ஆனால் கோடை மாதங்களில் அங்கே பிற்பகல் ஆனால் இடி மழை. மேற்கிலிருந்து வரும் கடற்காற்றும் கிழக்கிலிருந்து வரும் காற்றும் அந்தக் கரையோரம் சந்தித்து மேலே எழும்புவதால் அப்படி.

அப்புறம் தென்மேற்கில் இருக்கும் சுசூவா காடு. மழை மோசமில்லை, ஆனாலும் காடு வறண்ட தோற்றத்தில் நிற்கும். காரணம் பாறை. அங்கே சர்ப்பன்டினைட் என்ற பச்சைப் பாறை. அது உதிர்ந்து உண்டாகும் மண்ணில் நிக்கலும் மக்னீசியமும் கூடுதல், சத்து குறைவு, தண்ணீரும் பிடிக்காது. மழை ஒன்றைச் சொல்லும், மண் வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் கேட்க வேண்டும்.

2023 மார்ச் 11

தொர்த்துகேரோவைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. வேகா பாஹா பக்கம் இருக்கும் அந்த நன்னீர் நீர்நிலை இயற்கையானதுதான். ஆனால் அது மலைப் பள்ளத்தில் நிற்கும் ஏரி இல்லை. கடற்கரைத் தாழ்நிலத்தில், சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும் நிலத்தடி நீர் ஊற்றாக வெளியே வந்து தேங்குகிற காயல். அதனால்தான் 'இயற்கை ஏரி இல்லை' என்று சொல்பவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் கருத்தில் சேர்த்தாலும் தப்பில்லை. போகிறவர்கள் கரையில் காலை விட்டு உட்கார வேண்டாம். யாரோ வளர்த்து விட்ட கெய்மன் முதலைகள் அங்கே பெருகிக் கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய கதை தென்மேற்கில் இருக்கிறது. லாஹாஸ் பள்ளத்தாக்கில் குவானிக்கா காயல் என்று ஒன்று இருந்தது, தீவின் பெரிய நன்னீர்க் காயல். 1950களில் பாசனத் திட்டத்துக்காக வாய்க்கால் வெட்டி அதை வடித்துவிட்டார்கள், விவசாய நிலம் வேண்டும் என்று. மலையிலிருந்து வரும் வண்டலை வடிகட்டிக்கொண்டிருந்த இடம் அது. அது போன பிறகு சேறு நேராகக் குவானிக்கா விரிகுடாவுக்குள் இறங்கி, வெளியே இருக்கும் பவளப்பாறைகள்மீது படிகிறது. பக்கத்தில் கார்த்தஹேனா காயல் மட்டும் சுருங்கிப்போய், சம்பு மண்டி, பறவைகள் சரணாலயமாகத் தப்பித்து நிற்கிறது.

ஆக, தண்ணீர் தானாக நின்ற இடம் இங்கே மிகக் குறைவு. இருந்ததிலும் பெரியதை வடித்தாயிற்று. எனக்கு இது ஆறாத வருத்தம்.

2023 மார்ச் 12

கரீட்டே பற்றிக் கேட்டவருக்கு. வரைபடத்தில் அது லா பிளாத்தா ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கிறது. அதாவது வடக்கே போகவேண்டிய தண்ணீர். அதை அணையில் நிறுத்தி, மலைக்குள் சுரங்கம் வெட்டி, தெற்கே குவாயாமா பக்கம் திருப்பினார்கள். இறங்கும்போது மின்சாரம், இறங்கிய பிறகு கரும்பு. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனிகளுக்குத் தென்கரைச் சமவெளி தங்கச் சுரங்கம். வெயிலும் மண்ணும் இருந்தது, தண்ணீர் மட்டும் முகட்டுக்கு அந்தப் பக்கம். பிறகு 1930, 40களில் டோரோ நெக்ரோ, கார்சாஸ் என்ற திட்டங்களில் இதே வேலையை மேற்கே மேற்கே செய்துகொண்டு போனார்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. வாய்க்கால் நீரைக் கரும்புப் பாத்திகளில் வெள்ளமாக விட்டதில், கசிந்த தண்ணீர் சலினாஸ் பக்கத்து நிலத்தடி நீரை நிரப்பிக்கொண்டே இருந்தது. கரும்பு போயிற்று, சொட்டுநீர்ப் பாசனம் வந்தது, கசிவு நின்றது. கிணறுகள் மட்டும் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இப்போது நீர்மட்டம் இறங்கி, கடலோரம் உப்பு ஏறுகிறது. சொட்டுநீர் சிக்கனமானது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தச் சமவெளியின் நிலத்தடி நீர் மலைக்கு அந்தப் பக்கத்து மழையையும் நம்பி இருந்தது என்பதை ஊர் மறந்துவிட்டது.

2023 மார்ச் 19

லோயிசாவுக்கு வருகிறேன். இது நீளும்.

1953இல் கட்டி முடித்தபோது அதன் கொள்ளளவு சுமார் 2.7 கோடி கன மீட்டர். 1994இல் அளந்தபோது ஏறக்குறைய பாதிதான் மிச்சம். மீதியெல்லாம் வண்டல். அதே வருஷம் வறட்சியும் வந்து, தலைநகரத்தில் தண்ணீர் முறைவைத்து விட்டார்கள். 2015இலும் அதே கதை. சில பகுதிகளில் ஒரு நாள் தண்ணீர் வந்தால் இரண்டு நாள் வராது. மலையில் 4,000 மி.மீ. பெய்யும் தீவில்! ஆறுகளில் தண்ணீர் வராமல் போவதில்லை. வரும்போது பிடித்துவைக்கும் பாத்திரம்தான் குறுகிக்கொண்டே போகிறது.

வண்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நீங்கள் அணைக்குப் போக வேண்டாம். சான் லொரென்சோ பக்கம் சாலைக்காக வெட்டிய மலைச்சரிவு எதையாவது கிட்டே போய்ப் பாருங்கள். பார்த்தால் பாறை, கருப்பும் வெள்ளையுமாகப் படிகங்கள் அப்படியே பதிந்திருக்கும், பழைய விரிசல் கோடுகள்கூடத் தெரியும். விரலால் கிள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்து ஈர மணலாகக் கையில் வரும். கிரானைட் வகைப் பாறை, வெப்பமும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஊறி, நின்ற இடத்திலேயே மக்கிப்போனது. நடுமலையில் இருக்கும் உட்டுவாடோவிலும் இதே வகைதான். அந்த மண் செங்குத்தாக நிற்பது புல்லையும் வேரையும் நம்பித்தான்.

2017 செப்டம்பர் 20 விடியற்காலை மரியா சூறாவளி யபுக்கோவாவில் கரையேறி, தீவைக் குறுக்கே கடந்து போயிற்று. வேர்கள் பிடி விட்டன. பிறகு வான்படங்களை வைத்து எண்ணியதில் 71,000க்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள். அதிகம் பட்டது உட்டுவாடோ. நான் அப்போது இங்கேதான் இருந்தேன். குழாயில் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. கயேய் போகும் பழைய சாலையோரம் பாறை இடுக்கில் யாரோ பிவிசி குழாயைச் செருகிவைத்திருந்தார்கள். அங்கே வரிசை; குடம் கிடையாது, பெயின்ட் வாளி, பால் கேன், குப்பைத்தொட்டி. எனக்கு முன்னால் நின்ற பாட்டி தன் முறை வந்ததும், பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணைக் கூப்பிட்டு முதலில் பிடிக்கச் சொன்னார். எதிர்ச்சரிவு முழுக்கச் செந்நிறக் கீறல்களாக இருந்தது. இலை ஒன்றில்லை. சூறாவளிக்கு முன்பு அந்தச் சரிவில் வீடுகள் இருப்பதே தெரியாது, அவ்வளவு அடர்த்தி.

சரிவு என்றால் உயிர் போகும் என்பதை இந்தத் தீவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985 அக்டோபர் 7, போன்சேயில் மமேயஸ் குடியிருப்பு, நள்ளிரவுக்குப் பின் பெய்த பேய்மழையில் மலையோடு இறங்கியது. குறைந்தது 129 பேர்.

2023 மார்ச் 20

"காடு வளர்த்தால் வண்டல் நிற்காதா?" நல்ல கேள்வி, ஆனால் காடு ஏற்கனவே வளர்ந்துவிட்டது. 1940கள் வாக்கில் தீவில் மிஞ்சிய காடு நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான். இன்று பாதிக்கு மேல். சர்க்கரை, காபி, புகையிலை எல்லாம் விழுந்து, ஜனங்கள் நியூயார்க்குக்கும் ஆலைகளுக்கும் போய்விட, காடு தானாகத் திரும்பியது. வண்டல் நிற்காததற்குக் காரணம், மலைமேல் புகையிலையும் காபியும் போட்ட காலத்தில் அரித்து வந்த மண் இன்னும் ஓடைகளிலும் சரிவுகளின் அடியிலும் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பெருமழையும் அதில் ஒரு பங்கைக் கீழே தள்ளுகிறது. வருஷத்து வண்டலில் பெரும்பகுதி வந்து சேருவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில்தான்.

தூர்வாரலாம், வாரியும் இருக்கிறார்கள். 1990களின் கடைசியில் லோயிசாவில் சுமார் 60 லட்சம் கன மீட்டர் எடுத்தார்கள். பிறகு வந்ததுதான் மரியா. தென்பக்கத்தில் கொவாமோ அணைத்தேக்கம் முழுக்கத் தூர்ந்தேபோய்விட்டது. அணை நிற்கிறது, தேக்கம் இல்லை. லோயிசா அப்படி ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்கிடையில் ஆகாயத்தாமரை வேறு. பாலத்தில் நின்று பார்த்தால் பச்சைப் புல்வெளி என்று நினைப்பீர்கள்.

2023 ஏப்ரல் 2

அரெசீபோ தொலைநோக்கி பற்றி ஒருவர் இழுத்திருக்கிறார். தலைப்பை விட்டு விலகவில்லை, இதுவும் நிலவியல்தான்.

வடக்குக் கரையோரச் சுண்ணாம்புப் பட்டையில் மோகோட்டே என்ற உருண்டைக் குன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவே குழிகள். அப்படி ஒரு குழி கிட்டத்தட்டக் கிண்ண வடிவத்தில் அமைந்திருந்ததால் அதன்மேல் 305 மீட்டர் விட்டமுள்ள தட்டை 1963இல் கட்டி முடித்தார்கள். 2020 டிசம்பர் 1 அன்று கம்பிகள் அறுந்து, மேலே தொங்கிய கருவி மேடை தட்டின்மேல் விழுந்தது. பக்கத்தில் கமுய் ஆறு பூமிக்குள் நுழைந்து குகைகள் வழியே போய் வெளியே வருகிறது. இந்தச் சுண்ணாம்பு தண்ணீரை வேகமாக உள்ளே விடும், ஆனால் வடிகட்டாது. வடகரையில் ஆலைக் கழிவு ரசாயனம் கிணறுகளில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே சுண்ணாம்பு கடலுக்கடியிலும் தொடர்கிறது, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வடக்கே கடலுக்குள் புவேர்ட்டோ ரிக்கோ அகழி, 8,300 மீட்டருக்கு மேல் ஆழம், அட்லாண்டிக்கிலேயே ஆழமான இடம். ஆழமில்லாத கடலில் கிடையாகப் படிந்த அந்தப் பாறைப்படுகை, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படியே சாய்ந்துவிட்டது. தெற்கு விளிம்பு தீவின்மேல் சில நூறு மீட்டர் உயரத்தில், வடக்கு விளிம்பு கடலுக்குள் சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில். மோகோட்டேயின்மேல் நிற்கும்போது நீங்கள் நிற்பது அந்தச் சாய்ந்த பலகையின் மேல்முனையில். பூமியின் மேலோட்டுத் தட்டுகளின் அசைவு இங்கே இன்னும் ஓயவில்லை. 1918இல் மேற்குக் கரையில் நிலநடுக்கமும் சுனாமியும். 2020 ஜனவரி 7 அன்று தென்மேற்கில் 6.4 அளவு.

2023 ஏப்ரல் 9

மார்ச் 6 அன்று எழுதிய மழைக் கணக்குக்கு ஒரு பின்குறிப்பு. தெற்கு எப்போதும் வறண்டது என்று நினைத்து அங்கே ஆற்றோரம் வீடு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக. அந்தக் கணக்கு காற்று வடகிழக்கிலிருந்து வரும்வரைதான். 2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா சூறாவளி தென்மேற்கு மூலையில் கரையேறியபோது ஈரக்காற்று தெற்கிலிருந்து மலையில் மோதியது. வறண்ட தென்சரிவுதான் அன்று அதிகம் வாங்கியது. சில இடங்களில் 700 மி.மீ. அளவுக்கு. குவானிக்காவில் ஆண்டு முழுக்கப் பெய்வதற்குக் கிட்டத்தட்டச் சமம் அது. சலினாஸில் கூரை ஏறி நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். உட்டுவாடோவில் மரியாவுக்குப் பின் போட்ட தற்காலிகப் பாலத்தை ஆறு தூக்கிக்கொண்டு போனது.

2023 ஏப்ரல் 15

ஒரே நாளில் என்ன பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: சான் ஹுவானிலிருந்து 52இல் கிளம்பி, கயேய் தாண்டி சலினாஸில் மதியம் மீன் சாப்பிடுங்கள். பிறகு கொவாமோ, வியால்பா வழியாக ஏறி 143ஆம் சாலையைப் பிடியுங்கள். அது முகட்டின்மேலேயே போகிறது. மேகம் இல்லாவிட்டால் தெற்கே கரீபியன், சில திருப்பங்களில் வடக்கே அட்லாண்டிக் இரண்டும் தெரியும். ஹாயுயா வழியாக வடக்கே இறங்கி டோஸ் போக்காஸில் முடிக்கலாம். அந்தத் தேக்கத்தில் கரையோரக் குடும்பங்களுக்காக அரசுப் படகு ஓடுகிறது, நீங்களும் ஏறிக்கொள்ளலாம். மலையில் பெட்ரோல் பங்க் குறைவு, கொவாமோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிற்பகல் மழை பிடித்தால் 143இல் போகாதீர்கள். பல வளைவுகளில் பாதிச் சாலை இன்னும் சரிந்தபடியே இருக்கிறது.